நான்கு ஜிபியில் வானம்

பர்மா பஜாரில் ஆறாயிரத்துக்கு எடுத்த மடிக்கணினி.
நான்கு ஜிபிக்குமேல் எதைக் கேட்டாலும்
விசிறி மட்டும் பதில் சொல்லும்.
இதில்தான் மூன்று வானங்களை ஏற்றினேன்.
மூன்றும் காசில்லாமல் வந்தவை.

ஸ்டெல்லேரியம் முதலில்.
திறந்ததும் ஒரு புல்வெளி, மரங்கள்,
யாரோ வெள்ளைக்காரர் வீட்டுப் பின்பக்கம் போல.
அதற்கு மேலே காசிமேட்டின் வானம்.
ஜி விசையைத் தட்டினால் தரை போய்விடுகிறது,
காலுக்குக் கீழேயும் நட்சத்திரம்.
ஒரு வாரம் அதையே தட்டிக்கொண்டிருந்தேன்:
கடை வாடகை, டோனர் பாக்கி,
எல்லாம் ஒரு விசையில்.

செலஸ்டியாவுக்கு ஓரிடத்தில் நிற்கத் தெரியாது.
தண்டையார்பேட்டையில்
கன்டெய்னர் லாரிக்குப் பின்னால்
நாற்பது நிமிஷம் நின்றுவிட்டு வந்த ராத்திரி
சனியின் வளையம்வரை போய்த் திரும்பிப் பார்த்தேன்.
நன்றாகத்தான் இருந்தது.
ஆனால் எனக்கு வேண்டியது
எங்கள் மாடியிலிருந்து என்ன தெரியும் என்பது.

மூன்றாவது, கார்ட் டு சியல்.
வெள்ளைத் தாளில் கறுப்புப் புள்ளி, அவ்வளவே.
பிலோமிக்கு இதுதான்.
ஐஸ் ஃபேக்டரியில் கணக்கு எழுதுகிறவள்.
"படம் காட்டாதது பொய் சொல்லாது" என்பாள்.
என் ஜெராக்ஸ் கடையில் பத்துப் பக்கம் எடுத்துக்கொண்டு போனாள்.
உப்புக் காற்றில் மூன்றாம் நாளே
வெற்றிலைபோல் துவண்டது விருச்சிகம்.

ஸ்டெல்லேரியத்தில் ஒளிமாசுக்கு ஓர் அளவு உண்டு.
ஒன்றில் வைத்தால் பால்வீதி கொட்டுகிறது.
ஒன்பதில் வைத்தேன், அதற்குமேல் இல்லை.
அப்போதும் திரையில் நாற்பதுக்குக் குறையவில்லை.
மாடியில் நாங்கள் எண்ணியது பதினொன்று,
அதில் ஒன்று விமானம்.
வடமேற்கே மணலியின் சுடர்,
மேகத்தின் அடிவயிறெல்லாம் ஆரஞ்சு.
எழுதியவர்களைக் குறை சொல்லவில்லை.
ஒன்பதுக்கு அப்பாலும் ஆள் குடியிருக்கும் என்று
அவர்களுக்கு யார் சொல்லியிருப்பார்கள்?

புல்வெளியை மாற்றிக்கொள்ளலாம் என்று படித்தேன்.
மாடி நடுவே சுழலும் ஸ்டூல்,
அதன்மேல் நானும் என் ஃபோனும்.
பிலோமி திருப்பத் திருப்ப முப்பத்தாறு படம்.
ஒட்டி முடிக்க நான்கு இரவு.

இப்போது திறந்தால் எங்கள் அடிவானம்:
தண்ணீர்த் தொட்டி, மாதா கோயில் கோபுரம்,
மூன்று செல்போன் டவர்,
விசைப்படகுகளின் கம்பமும் கயிறும்,
தென்கிழக்கே துறைமுகத்துக் கிரேன்கள்.
கிழக்கில், கொடியில் காய்ந்த
எதிர்வீட்டு அக்காவின் பூப்போட்ட நைட்டி,
அழிக்க மறந்தது.
கி.மு. ஆயிரத்துக்குப் போய்ப் பார்த்தேன்.
துருவம் வேறிடத்தில் இருந்தது.
நைட்டி அங்கேயே.

மாசி. இரவு பன்னிரண்டரை.
திரையில், ஏழாம் எண் கிரேனுக்குப் பக்கத்து இடைவெளியில்
கேட்டை வந்துவிட்டது.
வெளியே அங்கே சிவப்பாய் ஒன்று,
பிலோமி கையைப் பிடித்து அழுத்தினாள்.
இல்லை, கிரேனின் விளக்கு.
நான் படமெடுத்த நாளில் அது தள்ளி நின்றது.
மூன்று மென்பொருளிலும்
கிரேன் நகரும் என்று எழுதியிருக்கவில்லை.

கமாலுதீன் அந்தக் கிரேனில்தான்.
டீ நேரம் பார்த்துக் கூப்பிட்டேன்.
"கப்பல் நீளம், இந்தாண்ட வந்துட்டேன்.
இன்னா, எதுனா மறைக்குதா?"
"ஒரு நட்சத்திரம்."
கொஞ்சநேரம் சத்தமே இல்லை.
"இன்னும் பத்துப் பெட்டி கீது.
எறக்கிட்டு ஒதுங்கிக்கிறேன்."

ஒரு பெட்டிக்கு மூன்று நிமிஷம்.
பிலோமி விரல்விட்டு எண்ணினாள்.
ஏழாவது இறங்கும்போதே
கிரேனின் தலையைத் தாண்டி மேலே நின்றது அது,
விளக்கைவிட மங்கலாய், விளக்கைப்போலில்லாமல் நடுங்கிக்கொண்டு.
கமாலிடம் சொல்லவில்லை.

ஒன்றே காலுக்கு
தண்டவாளத்தில் மெல்ல, மிக மெல்ல
அத்தனை பெரிய இரும்பு
எங்களுக்காக இடப்பக்கம் போனது.
"தெரியுதா?" என்று செய்தி வந்தது.
"தெரியுது" என்று போட்டேன்.